நல்லா எடுக்குதா

என் மகள் அந்த மெஷினை முதன்முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, பிள்ளைகள் விளையாடுகிற சாமான் என்றுதான் நினைத்தேன். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது. ஒரு பச்சைத் தகடு, அதன்மேல் எறும்பு ஒட்டினதுபோல் கறுப்புக் கறுப்பாகச் சின்னச் சாமான்கள், அடியில் கைக்கடிகாரத்துக்குப் போடுகிற மாதிரி ஒரு வட்டப் பெட்டரி. மூன்று மெல்லிய வயர்கள் தொங்கின. ஒரு மூலையில் கடுகளவு பச்சை விளக்கு.

"இது என்னா செய்யும் பாப்பா?" என்று கேட்டேன்.

"ஒங்க நெஞ்சுல இருந்து எடுக்கும்மா. ரொம்பக் கொஞ்சமாத்தான் எடுக்கும். ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியாது."

அவள் அன்றைக்குச் சொன்ன அந்த ஒரு சொல்லை நான் ஒரு விதமாக எடுத்துக்கொண்டேன், அவள் இன்னொரு விதமாகச் சொல்லியிருந்தாள். அதனால் என் உயிர் போகப் பார்த்தது. அது எப்படி என்றுதான் எழுதப்போகிறேன்.

எங்கள் பக்கத்தில் எடுக்கிறது என்றால் எடுக்கிறதுதான். மலையில் கொழுந்து எடுப்போம். எடுத்த பிறகு செடியில் இருக்காது. டிஸ்பென்சரியில் ரத்தம் எடுப்பார்கள். எடுத்த பிறகு உடம்பில் இருக்காது. அவள் படித்த படிப்பில் எடுக்கிறது என்றால் படம் எடுப்பதுபோல. எடுத்தாலும் ஆள் அப்படியே இருப்பான். இந்த வித்தியாசம் எனக்கும் தெரியாது, அவளுக்கும் தோன்றவில்லை.

மகள் பதுளையில் கம்பஸ் ஒன்றில் படிப்பிக்கிறாள். டவுனில் ஒரு அறை எடுத்து இருக்கிறாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறி நமுனுகுலப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வரிசைக்கு வருவாள், ஞாயிறு திரும்புவாள். என்னையும் டவுனுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஆட்கள் நிறைய இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. கடையில் போய் ஒரு சாமான் கேட்பதற்கே இரண்டு தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போகிறவள் நான். அதனால் இந்தக் காம்பரா வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

மெஷினை ஒட்டுகிற இடம்தான் எனக்குப் பெரும்பாடாய்ப் போனது. ஒன்று வலது பக்கக் கழுத்தெலும்புக்குக் கீழே, ஒன்று இடது மார்புக்கு அடியில், மூன்றாவது வயிற்றில் வலப்பக்கம். நான் பெற்ற பிள்ளைதான். ஆனாலும் கூசியது. கடைசியில் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு சொல்லச் சொல்ல நானே ஒட்டிக்கொண்டேன். "கீழம்மா, இன்னும் கொஞ்சம் கீழ. எலும்பு மேல வேணாம், சதையில ஒட்டுங்க." சுவரோடு பேசுகிற மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் வந்தது.

அவள் ஏன் இந்த வேலைக்குப் போனாள் என்று நான் கேட்டதில்லை. கேட்காமலே தெரியும். அவளுடைய அப்பாவுக்கு அடிக்கடி கிறுகிறுப்பு வரும், வேர்த்துக் கொட்டும். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நெஞ்சில் வயர்களை வைத்து ஒரு தாளில் எழுதி எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஒரு நாள் காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரம், அவர் வரம்பில் உட்கார்ந்தார். கூப்பிட்டார்கள். எழும்பவில்லை. அப்போது மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

அதைப் பற்றி அவள் ஒரே ஒரு தரம்தான் பேசினாள். "ஆஸ்பத்திரியில அப்பாவ ஒரு நிமிஷம் பாத்தாங்கம்மா. அந்த ஒரு நிமிஷம் அவரு நெஞ்சு நல்லா இருந்துச்சு. நாள் பூரா பாத்திருக்கணும்."

நாள் பூராவும், வாரம் பூராவும் உடம்பிலேயே கிடந்து பார்க்கிற மெஷின்தான் அவள் செய்துகொண்டிருந்தது. கொழுந்தெடுக்கிறவர்கள் இடுப்பில் சுற்றுகிற படங்குச் சாக்குக்குள் கட்டிக்கொண்டு மலைக்குப் போகலாம், மழையில் நிற்கலாம், கரண்டில்லாத வீட்டிலும் வேலை செய்யும். அதில் என்ன கஷ்டம் என்று ஒரு நாள் ரொட்டி சுடும்போது கேட்டேன். அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னாள். நெஞ்சு பேசுவது ரொம்ப மெதுவாகப் பேசுமாம். தேர்த் திருவிழாவில் தப்பு அடிக்கிறபோது யாரோ காதுக்குள் ரகசியம் சொல்வது எப்படியோ அப்படி. அந்த ரகசியத்தை மட்டும் பிடித்துப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கக் கரண்டு வேண்டும். கரண்டைக் கூட்டினால் பெட்டரி சீக்கிரம் செத்துவிடும். குறைத்தால் மெஷினே உள்ளுக்குள் இரைய ஆரம்பித்துவிடும், ரகசியம் அதில் முங்கிப்போகும். அதனால் அவள் ஒரு தந்திரம் செய்திருந்தாள். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் மெஷின் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளும். அடுத்த துடிப்பு வரும்போது முழித்துக்கொள்ளும்.

"நம்ம வாச்சர் மாதிரி" என்றேன்.

"நம்ம வாச்சர் முழிக்கிறதே இல்லையேம்மா" என்றாள்.

மெஷின் சரியாக வேலை செய்தால் அந்தப் பச்சை விளக்கு விட்டு விட்டு மின்னும். அதை அடிக்கடி பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள்.

அவள் வந்து உட்கார்ந்து பார்க்கிற நாட்களில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். வீட்டுக் கரண்டு வயரில் ஓடுகிற இரைச்சல்கூட மனுஷ உடம்பில் ஏறி மெஷினுக்குள் போய்விடுமாம். லயத்தில் வயர் எல்லாம் ஒரே கூரைக்கு அடியில் ஓடுகிறது. எங்கள் வீட்டை மட்டும் அணைத்தால் போதாது, பக்கத்துக் காம்பராவையும் அணைக்க வேண்டும். பக்கத்துக் காம்பராவில் இருப்பது என் நாத்தனார். என் வீட்டுக்காரருடைய தங்கச்சி. அவளுக்கு டிவியில் நாடகம் பார்க்காவிட்டால் சோறு இறங்காது.

"ஒங்கம்மா நெஞ்சு பேசுறதக் கேக்குறதுக்கு எங்க வீட்டு டிவி வாயப் பொத்திக்கணுமா?" என்று மகளிடம் கேட்பாள். ஆனாலும் அணைத்துவிட்டு, வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் வந்து கால் நீட்டி உட்கார்ந்துகொள்வாள். என் ரவிக்கைக்குள்ளிருந்து வயர் எட்டிப் பார்ப்பதைக் கண்டுவிட்டால் விடமாட்டாள். "என்னா மதினி, ஒனக்கும் லைன் இழுத்தாச்சு. எப்ப பல்பு எரியும்?"

முதல் தரம் அது வந்தது மரக்கறித் தோட்டத்தில். போஞ்சிக் கொடிக்குக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தேன். மழை வரப்போகிற மாதிரி இருட்டினது. மழைதான் என்று நிமிர்ந்து பார்த்தேன். மேலே வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. என் கண்ணுக்குள்தான் யாரோ விளக்குத் திரியை உள்ளே இழுத்ததுபோல் வெளிச்சம் சுருங்கியது. காது அடைத்தது. கையில் கம்பு இருப்பது தெரிகிறது, ஆனால் அது என் கை இல்லை. பிறகு நெஞ்சுக்குள் ஒரு பெரிய அடி, மூடின கதவை யாரோ வெளியிலிருந்து குத்தினதுபோல். வெளிச்சம் திரும்ப வந்தது.

நான் பயப்படவில்லை. ஓ, எடுக்கிறது என்றால் இதுதானா என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரருக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டதோ என்று ஒரு நினைப்பு ஓரத்தில் வந்து நின்றது உண்மை. ஆனால் அவருக்கு வேர்க்கும். எனக்கு வேர்க்கவில்லை. மெஷின் நெஞ்சிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்போது வேறு காரணம் எதற்குத் தேட வேண்டும்?

பின்னேரம் மகள் போன் எடுத்தாள். தினமும் எடுப்பாள். தினமும் கேட்பது ஒரே கேள்வி. "அம்மா, நல்லா எடுக்குதா?"

"எடுக்குது பாப்பா. இன்னைக்கு போஞ்சிக்கிட்ட நிக்கையில நல்லா எடுத்துச்சு."

"எடுக்கட்டும்மா. எடுத்தாத்தான் எனக்கு வேல ஆகும்."

நான் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அவள் நினைத்தாள். எனக்கோ, அவள் தெரிந்தேதான் சொல்கிறாள் என்று பட்டது. பிள்ளைக்கு வேலை ஆகிறதென்றால் எடுத்துவிட்டுப் போகட்டும்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் மெஷினை லெப்டொப்பில் கொழுவி, என் நெஞ்சு எழுதினதை எனக்குக் காட்டினாள். முதன்முதலாக அதைப் பார்த்தேன். சின்ன மேடு, கூரான ஒரு குத்து, பிறகு இன்னொரு மேடு, மறுபடியும் அதே. தேயிலை நட்ட வரிசை மாதிரி ஒழுங்காகப் போய்க்கொண்டே இருந்தது. எனக்குள்ளே இவ்வளவு ஒழுங்காக ஒன்று நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் வரிசை நின்றது. வெறும் கோடு. கோடு போய்க்கொண்டே இருந்தது. பிறகு மறுபடி மேடு, குத்து, மேடு.

"பாருங்கம்மா, தூங்கிருச்சு" என்றாள்.

"யாரு?"

"இதுதான். துடிப்புக்கு நடுவுல கொஞ்சம் கண்ண மூடச் சொன்னா, அடுத்த துடிப்பு வந்ததுகூடத் தெரியாமத் தூங்கிருது. எழுப்பத் தெரியல எனக்கு."

அவள் முகம் விழுந்துபோனதைப் பார்த்தேன். பழைய மேசையில் பேப்பரை விரித்து, ஈயம் பற்றவைக்கிற கம்பியைச் சூடாக்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி உட்கார்ந்துவிட்டாள். எறும்பு மாதிரி இருந்ததில் ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றை வைத்தாள். வீடெல்லாம் கருகின பிசின் வாடை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி எனக்கு ஒட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த கிழமையும் தூங்கியிருந்தது. அதற்கடுத்த கிழமையும்.

அவள் மெலிந்துகொண்டு வந்தாள். கம்பஸில் அவளுக்கு மேலே இருக்கிற பெரியவர், இந்தத் தூக்க வியாதியைத் தீர்க்காமல் மெஷினை ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் காட்ட முடியாது என்று சொல்லிவிட்டாராம். காட்டுகிற நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் சோற்றைப் போட்டு வைத்தால் அது ஆறிக்கிடக்கும்.

நான் என் பங்குக்கு யோசித்தேன். மெஷின் ஏன் தூங்குகிறது? எடுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லாததால்தானே? காய்ந்த பசுவிடம் கன்று எவ்வளவு நேரம் முட்டும், அதுவும் படுத்துக்கொள்ளும். முருங்கைக்கீரை சுண்டினேன். கடையில் ஈரல் வாங்கிவந்து மிளகு போட்டு வதக்கித் தின்றேன். பிளேன்டீயைக் குறைத்துப் பால் குடித்தேன். கண் இருட்டுவது குறையவில்லை. அடுப்படியில் வந்தது, துணி காயப்போடும்போது வந்தது. ஒவ்வொரு தரமும் கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, எடுத்துக்கோ எடுத்துக்கோ என்று மனசுக்குள் சொல்வேன். அந்த அடி விழுந்ததும் நடப்பேன்.

ஒரு நாள் மகளிடம் சொல்லியும் பார்த்தேன். "வேற ஆளுக்கு ஒட்டிப் பாரேன் பாப்பா. ஒடம்புல தெம்பு உள்ள ஆளுக்கு."

"ஒட்டிப் பாத்துட்டேன். எனக்கு நானே ஒட்டிப் பாத்தேன். படிக்கிற புள்ளைங்களுக்கு ஒட்டிப் பாத்தேன். அங்கயெல்லாம் தூங்கல." தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. "ஒங்ககிட்ட மட்டும்தாம்மா தூங்குது."

அந்த நேரத்தில் யாராவது ஒருவர் இன்னும் ஒரு வார்த்தை கூட்டிப் பேசியிருந்தால் போதும். நான் ஆறிப்போன சோற்றை எடுத்து மூடினேன். அவள்தான், "தோல் காஞ்ச தோலா இருக்கு, ஸ்டிக்கர் புடிக்கல போல. தேங்காண்ணெய் பூசாதீங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி கம்பியைச் சூடாக்கினாள்.

அந்த மழை விடவில்லை. லயத்துக்குப் பின்னால் மலையில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது, கை நுழைகிற அகலம். அதிகாரிகள் வந்து இரண்டு பக்கமும் இரும்புக் கம்பு நட்டு, நடுவில் கம்பி இழுத்து, ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். மலை அசைந்தால் பெட்டி சத்தம் போடுமாம், சத்தம் கேட்டால் கோயிலுக்கு ஓட வேண்டுமாம். எல்லாரும் துணிமணியைப் பையில் போட்டு வாசலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். நாத்தனார் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மலைக்கும் வயரு, ஒனக்கும் வயரு. யாரு முந்திக்கிறீகன்னு பாப்போம் மதினி."

சிரித்தேன். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மகள் தீர்மானமாக உட்கார்ந்தாள். மெஷினுக்கு இருந்த தூக்கத்தையே பிடுங்கி எறிந்துவிட்டாளாம். "இனி கண்ணே மூடாது. பெட்டரி சட்டுன்னு தீரும், தீரட்டும். பழுது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியணும்." என்னைக் கதிரையில் உட்கார வைத்து, வயரை நேராக லெப்டொப்பில் கொடுத்தாள். என் நெஞ்சு எழுதுவது அப்போதைக்கப்போதே அதில் ஓடியது.

மெயினை அணைக்கச் சொல்லி நாத்தனாரிடம் கேட்டதற்கு, அன்றைக்கு அவள் மறுத்துவிட்டாள். நாடகத்தில் கல்யாணமாம். இத்தனை மாதம் இழுத்துக் கடைசியில் நடக்கிற கல்யாணத்தை விட்டுவிட்டு வர முடியாதாம். மகளுக்குக் கோபம். வேறு வழியில்லாமல் அப்படியே பார்த்தாள். கோடு சுத்தமாக இல்லை. கம்பளிப் பூச்சி மாதிரி கோட்டின் மேலெல்லாம் பொடி முடி முளைத்திருந்தது. "இதுதான் கரண்டு இரைச்சல்" என்று வெறுப்பாகச் சொன்னாள்.

விளம்பரம் போடுகிற நேரத்தில் நாத்தனார் வந்து கதவில் சாய்ந்து நின்றாள். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாளாம், தாலி கட்டுகிற நேரத்தில் வந்து நிற்பாளாம், பந்தயம் கட்டலாமா என்று கேட்டாள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன்.

வெளிச்சம் சுருங்கியது.

"எடுக்குது பாப்பா" என்றேன். என் குரல் தூரத்தில் எங்கோ கேட்டது.

அவள் லெப்டொப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்லம்மா, எடுக்கல. மறுபடியும் கோடாப் போகுது பாருங்க. தூக்கத்தையே எடுத்துட்டேன், இன்னும் ஏன்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். முகத்தை லெப்டொப்புக்குக் கிட்டக் கொண்டுபோனாள். "முடி இருக்கு" என்றாள். "இரைச்சல் ஓடிக்கிட்டே இருக்கு. இது முழிச்சிருக்கு."

நெஞ்சில் அந்த அடி விழுந்தது. வெளிச்சம் வந்தபோது அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை கிழமையும் அவள் பார்க்காமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

"இது முழிச்சிருக்குன்னா" என்று மெதுவாகக் கேட்டாள், "அப்ப தூங்குனது எது?"

அடுத்த வீட்டில் விளம்பரம் முடிந்து மேளம் கொட்டத் தொடங்கியது. நாத்தனார் போகவில்லை.

"மூஞ்சி பீங்கான் மாதிரி வெளுத்துப்போச்சே" என்றாள். "அன்னைக்குப் பீலியடியில கொடத்தோட ஒக்காந்துச்சே மதினி, அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

"என்னைக்கு அத்தை?"

"அது மழைக்கெல்லாம் முந்தி. ஒன்னோட மெஷினே வரல அப்ப."

அது எனக்கு மறந்தே போயிருந்தது. வெள்ளிக்கிழமை விரதம், வெறும் வயிற்றில் தண்ணீர் பிடிக்கப் போனேன், பீலிக்குப் பக்கத்தில் தலை சுற்றி உட்கார்ந்தேன். விரதத்தால் என்று நினைத்துக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மகள் என் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, எடுக்குது எடுக்குதுன்னு போன்ல சொல்வீங்களே. அப்படின்னா என்னா?"

"எங்கிட்ட இருந்து எடுக்குதுல்ல, அதான். கண்ணு இருட்டும், காது அடைக்கும். எடுத்து முடிச்சதும் நெஞ்சுல ஒரு அடி அடிக்கும். நீதானே சொன்ன, கொஞ்சமாத்தான் எடுக்கும்னு."

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். "அது ஒங்ககிட்ட இருந்து ஒண்ணுமே எடுக்கலம்மா. ஒண்ணுமே எடுக்கல."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. எடுக்கிறவன் ஒருவன் இருந்தால் அவனிடம் போதும் என்று சொல்லலாம், வயரைக் கழற்றலாம். யாரும் எடுக்காமலே அது போய்க்கொண்டிருந்திருக்கிறது.

நாத்தனார் போய் டிவியை அணைத்தாள். யாரும் அணைக்கச் சொல்லவில்லை. குடையோடும், மண்சரிவுக்காகக் கட்டிவைத்த என் பையோடும் திரும்பி வந்தாள். ஆட்டோ கிடைத்தது. ரோட்டில் ஓரிடத்தில் மண் இறங்கி ஒரு பக்கம்தான் திறந்திருந்தது. நாங்கள் நின்று நின்றுதான் போனோம். மகள் என் நெஞ்சிலிருந்து மெஷினைக் கழற்றவில்லை. லெப்டொப்பை மடியில் வைத்துச் சேலைத் தலைப்பால் சாரலை மறைத்துக்கொண்டே வந்தாள். கோடு நேராகும்போதெல்லாம், "அம்மா" என்பாள். நான் "இருக்கேன்" என்பேன். சில தரம் "இருக்கேன்" என்று சொல்வதற்குக் கொஞ்சம் நேரமானது. அப்போதெல்லாம் நாத்தனாருடைய விரல்கள் என் தோளில் அழுந்தும். அவளிடம் அந்த வழி முழுவதும் ஒரு பகடியும் வரவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பயமாக இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் பார்த்த டொக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நல்ல மாதிரி. அவர்களுடைய மெஷினை வைத்துத் தாளில் எழுதி எடுத்தார். அந்த நேரம் பார்த்து என் நெஞ்சு நல்ல பிள்ளையாக வரிசை போட்டது.

"இதில ஒண்டும் வித்தியாசமாத் தெரியேல்லையே" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு அன்றைக்குச் சொன்ன அதே பேச்சு. மகள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அவள் லெப்டொப்பைத் திறந்து டொக்டருக்கு முன்னால் வைத்தாள். அவர் பார்த்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கோவிக்காதேங்கோ, இது உங்கட மெஷின்ர பிழையா இருக்கேலாதோ?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். இத்தனை கிழமையும் அவளும் அப்படித்தானே நினைத்திருந்தாள்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன் டொக்டர். நேர்கோட்டுக்குள்ளயும் கரண்டு இரைச்சல் ஓடுது பாருங்க. மெஷின் முழிச்சுத்தான் இருந்திருக்கு."

அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முடி முளைத்த அந்தக் கோட்டை முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்தி வெகுநேரம் பார்த்தார். அன்றைக்கு நாத்தனார் டிவியை அணைத்திருந்தால் கோடு சுத்தமாக இருந்திருக்கும். சுத்தமான கோட்டில் தூங்கினது எது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

"அம்மாவை வீட்ட விடேலாது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, அது வரும்போது என்ன மாதிரி இருக்கும் என்று கேட்டார். அந்நிய ஆண் பிள்ளையிடம் நெஞ்சைப் பற்றி எப்படிப் பேசுவது? சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, "எடுக்கும்" என்று மட்டும் சொன்னேன். மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. பிறகு அவள்தான் விளக்கிச் சொன்னாள்.

சில நாளில் என் கழுத்தெலும்புக்குக் கீழே தோலைத் திறந்து ஒரு பேஸ்மேக்கரை வைத்துத் தைத்தார்கள். தடவிப் பார்த்தால் ஒரு புளியங்கொட்டைக் குவியலை மூடி வைத்த மாதிரி மேடாகத் தெரியும். நெஞ்சு அதிக நேரம் தூங்கினால் இது உள்ளிருந்து தட்டி எழுப்புமாம். "இது எடுக்காதும்மா, குடுக்கும்" என்றாள் மகள். இனிமேல் அந்தச் சொல்லில் பிழை வரக்கூடாது என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். இதற்குள்ளும் ஒரு பெட்டரிதான் இருக்கிறது. அதுவும் வருஷக்கணக்கில் செல்ல வேண்டும் என்று எந்த ஊரிலோ யாரோ ஒரு பிள்ளை, சோறு ஆறிக்கிடக்க, கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கும்.

மகளுடைய மெஷினுக்குத் தூக்க வியாதி இருக்கவே இல்லை. பிடுங்கி எறிந்த தூக்கத்தை மறுபடி அதற்குள் வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் காட்டினாள். அவர்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மலையில் வைத்த பெட்டியும் இதுவரை சத்தம் போடவில்லை. பைகளை இன்னும் வாசலில்தான் வைத்திருக்கிறோம்.

இப்போதும் அவள் வரும்போது எப்போதாவது எனக்கு ஒட்டிப் பார்ப்பாள். நாத்தனார் கேட்காமலே டிவியை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள். கோட்டில் இப்போது புதிதாக ஒன்று தெரிகிறது. சில குத்துகளுக்கு முன்னால் நெட்டுக்குத்தாக ஒரு குச்சி நிற்கும். முதல் தரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நின்றது, தேயிலைக்கு நடுவில் நிழல் மரம் நிற்கிற மாதிரி.

போன கிழமையும் ஒட்டினாள். அவள் சொல்வதற்கு முன்னால் நானே எட்டிப் பார்த்தேன்.

"பாப்பா, இதுல எது என்னோடது?"

கொஞ்சம் தயங்கினாள். "குச்சி நிக்கிற எடமெல்லாம் பேஸ்மேக்கர் குடுத்ததும்மா. குச்சி இல்லாததெல்லாம் ஒங்களோடது."

பார்த்தேன். ஆயுசெல்லாம் ஒரு மலையை நின்ற இடத்தில் நின்று பார்த்தே எந்த வரிசையில் கொழுந்து இருக்கிறது என்று தெரிந்துகொண்ட கண் இது. எண்ணத் தேவையில்லை. அன்றைக்குக் குச்சி இல்லாததைத்தான் தேட வேண்டியிருந்தது.

"நல்லா எடுத்திருக்கும்மா" என்று சொல்லி அவள் லெப்டொப்பை மூடினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மெயின் சுவிட்சைப் போடவா என்று கேட்டேன். போடுங்கம்மா என்றாள்.